முன்சீட்டில் முட்டை, பின்சீட்டில் சோறு

இருபத்து மூன்று, இருபத்து நான்கு, இருபத்தைந்து. இப்போது விழுங்கலாம். ஆம்புரோஸ் விழுங்கிவிட்டு, குழந்தைக்குச் சோறூட்டும் குட்டிக் கரண்டியைத் தட்டில் வைத்து, இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொள்வார். கையில் கரண்டி இருந்தால் வாய் சும்மா இருக்காதாம். காலை ஐந்தே முக்காலுக்குத் தொடங்கிய ஒற்றை அவித்த முட்டை ஆறு மணிக்குத்தான் பாதி தாண்டும். அதற்கு முன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டு ஒரு செபம் வேறு. "கோழி ஒரு நிமிசத்துல போட்ட முட்டைக்கு இவரு பெரிய பூசை வைக்கிறாரு," என்பது மனைவி பமேலாவின் தினசரிப் புலம்பல்.

ஈப்போவை அடுத்த செமோரில், தாமான் எனப்படும் குடியிருப்பில் ஒரு வீடு. வயது நாற்பத்தெட்டு. இருபத்திரண்டு வருடமாகச் சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர். பத்து மாதத்துக்கு முன்பு அரசு மருத்துவமனையில் அவருடைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். அன்று நூற்று நாற்பத்திரண்டு கிலோ, இன்று தொண்ணூற்றாறு. யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் வாழைப்பழத்தை எடுத்துக் காட்டுவார். "வயிறு இப்ப இம்புட்டுதான் லா. பிசாங் மாஸ் சைசு." காட்டிக் காட்டிப் பழம் கறுத்துப்போனால் மறுநாள் வேறு பழம். அதைச் சாப்பிடுவதில்லை, அது செய்முறை விளக்கத்துக்கு.

அவர் வீட்டுச் சமையலறை அலமாரியைப் பழைய காலத்தில் பார்த்தவர்கள் மளிகைக் கடை என்றே நினைத்திருப்பார்கள். பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டு, பெட்டி பெட்டியாக மேகி, கெட்டிப்பால் டின் ஒரு டசன், பெரிய பிஸ்கட் டின். கூடவே ஈப்போ புந்தோங்கிலிருந்து மாதம் இரண்டு கிலோ கச்சாங் பூத்தே, அதாவது காரக் கடலையும் முறுக்கும் பக்கோடாவும் கலந்த சங்கதி. அறுவை சிகிச்சை முடிந்து வந்தபின் ஒரு சனிக்கிழமை முழுக்க அதையெல்லாம் இறக்கி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தார்கள். கச்சாங் பூத்தே டின்னைக் கொடுக்கும்போது மட்டும் ஆம்புரோஸ் உள்ளறைக்குப் போய்விட்டார்.

இப்போது அலமாரி ஒரு பேருந்து. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, தட்டுக்குத் தட்டு அவரே பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார். கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டு முன்சீட்டு: சாடின் டின், நெத்திலிப் பொடி, பயறு, உடைத்த கடலை. முட்டையும் தௌஃபுவும் குளிர்ப்பெட்டியில் இருந்தாலும் அவையும் முன்சீட்டுப் பயணிகள்தாம். சத்து முதலில் உள்ளே ஏற வேண்டும். அடுத்த தட்டு நடுச்சீட்டு: பூசணி, கேரட், கீரைக்கான இடம். கீழே கடைசித் தட்டில், ஒரு சின்ன டப்பாவில், அரிசி. "சோறு பின்சீட்டு. எடம் இருந்தா ஏறட்டும், இல்லாட்டி அடுத்த பஸ்ல வரட்டும்," என்கிறார். இத்தனை வருடம் சோறுதான் முழு வண்டியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பமேலாவும் பழகிவிட்டாள். கடையில் நின்றுகொண்டு போன் போட்டு, "என்னாங்க, முன்சீட்டுல ஆள் கொறையுதா?" என்று கேட்கிறாள்.

முதலில் எல்லாம் இப்படிச் சீராக நடக்கவில்லை. ஆசை வயிற்றைவிட்டுப் போய்விட்டது, கையைவிட்டுப் போகவில்லை. புரத மாவு மலிவு விற்பனை என்று கண்டதும் பழைய கை நீண்டு, வெனிலா வாசனையில் பன்னிரண்டு டப்பா வாங்கி வந்துவிட்டார். நான்காம் நாள் அந்த வாசனை மூக்கில் பட்டாலே குமட்டல். அறுவைக்குப் பின் நாக்கு மாறும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள், இவர்தான் காதில் வாங்கவில்லை. அந்தப் பதினொன்றே முக்கால் டப்பாவும் பமேலாவின் கையால் தோசை மாவில், இடியப்பத்தில், கிறிஸ்மஸ் கேக்கில் கரைந்து தீர்ந்தது. அந்த வருடம் கேக் சாப்பிட்ட பங்கு மக்கள் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் துண்டு யாரும் கேட்கவுமில்லை.

ஒவ்வொரு வேளையும் அவருக்கு இன்று புதுப்படம் ரிலீஸ். அரைத் தேநீர்க் கோப்பைதான் கொள்ளளவு, அதனால் அந்த அரைக் கோப்பையை ஒரு கை பார்த்துவிடுகிறார். கெம்போங் மீனின் கன்னத்துச் சதை இவ்வளவு இனிப்பா என்று வாய்பிளந்து பமேலாவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். சாப்பிட்டு அரை மணி நேரம் தண்ணீர் தொடக்கூடாது. காப்பிக் கடையில் நண்பர்கள் தே தாரிக்கை ஆற்றிக் குடித்துக்கொண்டிருக்க, இவர் போனில் மணி வைத்துக்கொண்டு ஓட்டப்பந்தயத்துக்கு நிற்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். வயிறு நிறைந்தால் தெரிவிக்க ஒரு விசித்திர ஏற்பாடும் உடம்புக்குள் நடந்திருக்கிறது: மூக்கு ஒழுகும். "மணி அடிச்சிருச்சு, கேட்டு மூடியாச்சு," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

இத்தனை பாடும் அழகுக்காக அல்ல. இரண்டு வருடத்துக்கு முன்பு கோலாலம்பூரிலிருந்து திரும்பும்போது, கோப்பெங் தாண்டி, ஆம்புரோஸ் ஓட்டும் இருக்கையிலேயே இரண்டு விநாடி தூங்கிவிட்டார். சாலையோரக் கோட்டின் மேல் சக்கரம் ஏறித் தடதடவென்று அடித்ததில் விழித்தார். பின்னால் நாற்பத்தொரு பேர். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஒருவருக்கும் தெரியவும் இல்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கால்மணி நேரம் டயரைப் பார்ப்பதுபோல் கீழே நின்றார். அன்று மாலையே முதலாளி சீனியிடம் போய் நடந்ததைச் சொல்லிச் சாவியை மேசையில் வைத்தார். இரவில் மூச்சு அடைத்து அடைத்துத் தூக்கம் கெடுவதால்தான் பகலில் கண் சொருகுகிறது, எடை குறைந்தாக வேண்டும் என்றார் மருத்துவர். சீனி நல்ல மனிதர். "டாக்டர் கடுதாசி கொண்டா மச்சான், சாவி ஒனக்குத்தான்," என்றார். அதுவரை வண்டி கழுவும் வேலை.

இருபத்து மூன்று மாதம் மற்றவர்கள் ஓட்டிய பேருந்துகளைக் கழுவினார். ஓட்டுநர் இருக்கையைத் துடைக்கும்போது மட்டும் அதில் உட்காராமல் நின்றுகொண்டே துடைப்பார். போன மாதம் உறக்கப் பரிசோதனையைத் திரும்பச் செய்து, மூச்சு சீராகிவிட்டது, ஓட்டலாம் என்று கடிதம் கொடுத்தார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சீனியிடம் காட்டுமுன் பங்குச் சாமியாரிடமும் பலகாரக் கடைக்காரரிடமும் காட்டினார். சீனி சாவியைக் கொடுத்தார். ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார்: "வழியில படுத்தீன்னா, அதோட முடிஞ்சது லா."

முதல் பயணம் லூமுட்டுக்கு. ஒரு தையல் தொழிற்சாலையின் குடும்ப நாள், முப்பத்தெட்டுப் பேர். காலையில் படகுத்துறையில் இறக்கிவிட்டார். பங்கோர் தீவைச் சுற்றிவிட்டு ஒரு மணிக்கு எல்லாரும் திரும்பியதும், வழக்கம்போல் அப்துல் நாசரின் உணவகத்துக்கு அழைத்துப்போனார். பேருந்து நிறைய ஆள் கொண்டுவரும் ஓட்டுநருக்கு நாசர் கடையில் சாப்பாடு இலவசம். சும்மா இலவசம் இல்லை. தட்டு எவ்வளவு உயரமோ அவ்வளவு மரியாதை. பழைய ஆம்புரோஸ் அந்த மரியாதையைப் பதினைந்து வருடம் மிச்சம் வைக்காமல் ஏற்றுக்கொண்டவர்.

நாசர் இவரைக் கண்டதும் கரண்டியோடு ஓடிவந்தார். "ஆம்புரோஸண்ணே, பாதி ஆளக் காணோமே. சீக்கா?" பதில் வருவதற்குள் தட்டு வந்துவிட்டது. சோற்றுமலை, ஆட்டிறைச்சி, பொரித்த கோழிக்கால், மீன்சினை, பாதி உப்பு முட்டை, மேலே ஐந்து குழம்பும் வெள்ளமாக. நோஞ்சானாகிவிட்ட மனிதருக்கு வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே.

ஆம்புரோஸ் சிலுவை போட்டுவிட்டுக் கோழியில் ஆரம்பித்தார். இருபத்தைந்து. பிறகு முட்டை. இருபத்தைந்து. எதிரே நின்ற நாசர் பொறுத்துப் பார்த்தார். "என்னண்ணே, சாப்பிடுறீங்களா, எண்ணுறீங்களா?"

"சாப்பிடுறேன் நாசர். நல்லா இருக்கு."

கால்மணி நேரம் ஆயிற்று. மலையில் ஒரு மூலைகூடச் சரியவில்லை. ஆம்புரோஸுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. நாசரின் முகம் சின்னதாகிவிட்டது. "பக்கத்துல புதுசா ஒருத்தன் கடை தொறந்திருக்கான். இனிமே ஆளுங்கள அங்க கொண்டு போறதா இருந்தா நேராச் சொல்லிடுங்கண்ணே. இப்படித் தட்டக் கிண்டிக்கிட்டு இருக்காதீங்க."

பதினைந்து வருடத்து நட்பு. ஆம்புரோஸ் ஆட்டிறைச்சித் துண்டு ஒன்றை எடுத்தார். இன்னும் ஒரே ஒரு வாய், நாசரின் முகத்துக்காக. வாய்க்கருகில் கொண்டுபோன கை அங்கேயே நின்றது. இது உள்ளே போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். நெஞ்சை அடைக்கும், வேர்த்துக் கொட்டும், ஒரு மணி நேரம் எங்காவது சுருண்டு படுக்க வேண்டும். அப்புறம் சீனிக்குப் போன் போகும், வேறு ஓட்டுநர் வருவார், சாவி போய்விடும். பயமாக இருந்தது. துண்டைத் தட்டில் வைத்தார், எழுந்தார், சீருடைச் சட்டையை நெஞ்சுவரை தூக்கினார். பக்கத்து மேசையில் ஒரு பெண்மணி மகளைச் சட்டென்று அந்தப் பக்கம் திருப்பினாள்.

"பாருங்க நாசர். அஞ்சு ஓட்ட. வயித்த வெட்டி எடுத்தாச்சு. ஒங்க சமையல்ல ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான் உள்ள எடம் இல்ல. இன்னொரு வாய் தின்னா நான் படுத்துருவேன், இந்த முப்பத்தெட்டுப் பேர யாரு ஊட்டுக்குக் கொண்டு போறது?"

நாசர் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஐந்து தழும்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "வலிச்சுச்சா?" என்றார் மெதுவாக. பிறகு, "எவ்ளோதான் புடிக்கும்?" ஆம்புரோஸ் உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். நாசர் கல்லாவில் இருந்த மனைவி மெஹர்பானுவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இவரு தட்ட இனிமே தேத்தண்ணி சாசர்ல வையி. கறியில நல்ல துண்டாப் பாத்து வையி." மலை மூன்று பொட்டலமாகிப் பமேலாவுக்குப் பயணம் கிளம்பியது. ஆம்புரோஸுக்கு வாயெல்லாம் பல். கடைக்காரர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார்.

இரண்டரை மணிக்கு வண்டி கிளம்பியது. கொளுத்தும் வெயில், வயிறு முட்டச் சாப்பிட்ட கூட்டம், நேரான சாலை, இருபக்கமும் செம்பனைத் தோட்டம். சித்தியவான் தாண்டியபோது பின்வரிசையில் பேச்சு நின்றது. ஆயர் தாவாரில் குழந்தைகள் சாய்ந்தன. முன்பெல்லாம் இந்த நேரத்தில் ஆம்புரோஸ் பாட்டை அலறவிடுவார். அது அலறினால்தான் அவருக்குக் கண் திறந்திருக்கும், யார் கெஞ்சினாலும் குறைக்கமாட்டார். இப்போது உள்கண்ணாடியில் பார்த்தார். முப்பத்தெட்டுப் பேரும் வாயைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சாலை கண்ணாடி மாதிரித் தெளிவாகத் தெரிந்தது, மைல்கல்லின் எண்கூட. ஆம்புரோஸ் இடது கையை நீட்டி, யாரும் விழித்துவிடாதபடி, பாட்டின் சத்தத்தைக் குறைத்தார்.