லூடி மூடிய புகார்

லுதிவினா காமோசாவை எல்லோரும் லூடி என்றுதான் கூப்பிடுவார்கள். பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் ஓர் அரசு அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை. பிரிவு என்று பெயர்தான். அதில் அவளும் ஓர் ஏசியும் மட்டுமே. பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும், வருகை பதியும் இயந்திரம் யாருடைய விரலையாவது ஏற்க மறுத்தாலும் அவளைத்தான் தேடி வருவார்கள். அவளும் முகம் சுளிக்காமல் எழுந்து போவாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்தொன்று.

அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் புரிந்திருக்காது.

மியாகாவோவில் கல்லூரியில் படிக்கும்போது அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த கணினி மொழி ஸ்கீம். வயதான மொழி, வரிக்கு வரி அடைப்புக்குறி. உடன் படித்தவர்கள் தேர்வு முடிந்ததும் அதைக் கைகழுவிவிட்டார்கள். லூடிக்கு மட்டும் அது பிடித்துப்போயிற்று. அதில் ஒரு தொல்லை உண்டு. மொழி ஒன்றுதான், ஆனால் அதை ஓட்டுகிற மென்பொருள்கள் இருபதுக்கு மேல், ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம். எல்லாவற்றிலும் ஓடட்டும் என்று பொதுவிதிப்படி எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தத் தொகுத்துவைத்த நிரல் நூலகத்தைக்கூட ஒன்று ஒரு பெயரில் தேடும், இன்னொன்று வேறு இடத்தில் தேடும். வீட்டுக் கணினியில் ஓடுவதை அலுவலகக் கணினிக்குக் கொண்டுபோக அவள் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தாள். அந்த எரிச்சலில் எழுதியதுதான் பாயோங்.

பாயோங் என்றால் ஓலையில் முடைந்த சந்தைப் பை. கறுப்புத் திரையில் அந்தப் பெயரைத் தட்டி, வேண்டிய நூலகத்தையும் சொன்னால் போதும். அதையும் அதற்குத் துணையாக வேண்டியவற்றையும் இழுத்துவந்து, உங்கள் ஸ்கீம் எந்த வகையோ அதற்குத் தோதான இடத்தில் வைத்துவிடும். பதினோரு வருடத்தில் உலகம் முழுக்க முந்நூறு பேர் போல அதைப் பயன்படுத்தினார்கள். புது நூலகம் எது வந்தாலும் லூடி படித்துப் பார்த்து, தன்னிடம் மட்டும் இருந்த மின்சாவியால் முத்திரை போட்ட பிறகுதான் பட்டியலில் ஏறும். காலை ஐந்து மணிக்கு எழுந்து, பண்டெசால் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டே அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் அலுவலகம் கிளம்புவாள்.

கணவன் ரோடெல் கிமாராஸ் தீவுக்குப் போகும் படகில் வேலை பார்த்தான். அவனும் அதே நேரத்துக்குத்தான் கிளம்புவான்.

"இன்னைக்கு உன் பையில யாராவது கத்திரிக்கா போட்டாங்களா?" என்று தினமும் கேட்பான். பதினோரு வருடமாக அதே கேள்விதான். அவளும் சலிக்காமல் ஒரு காய்கறி பெயரைச் சொல்லி அனுப்புவாள்.

ஓர் அக்டோபர் மாதக் காலையில் பின்லாந்திலிருந்து கிர்சி ஹாபாலா என்ற பெண் ஒரு புகார் எழுதியிருந்தாள். பாயோங் தேவையில்லாத பழைய பிரதிகளைக் கூட்டிப் பெருக்கி அழிக்கும்போது, அதன் அடைவுக்குள், அதாவது அது கோப்புகளை வைக்கும் உறைக்குள், வேறு இடத்துக்குப் போகும் குறுக்குவழி ஏதாவது இருந்தால், அதன் வழியே வெளியே போய் அந்தப் பக்கம் இருப்பதையும் அழித்துவிடுகிறது என்பது புகார். நிதானமாக, சோதித்துப் பார்த்த விவரங்களோடு எழுதியிருந்தாள். அன்று லூடிக்கு அவசரம். வருகை இயந்திரம் முதல் நாள் சாயங்காலமே படுத்துவிட்டிருந்தது. அதோடு கொஞ்சம் எரிச்சலும் வந்தது. அங்கே போய் எவர் குறுக்குவழி வைப்பார்கள்? "அந்த அடைவில் யாரும் எதையும் வைக்கக் கூடாது. இது பிழையல்ல" என்று ஒரு வரி எழுதிப் புகாரை மூடினாள். கிர்சி பதில் எழுதவில்லை. லூடியும் அதை மறந்துபோனாள்.

மார்ச் மாதம் ரோஹாஸ் நகரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் டியோஸ்கோரோ பைலோன், அங்கே ஒரு மீன்வளப் பள்ளியில் ஆசிரியர். கடல் சிவந்து சிப்பிகள் நஞ்சாகிற காலத்தை முன்கூட்டியே கணிக்க, வாராவாரம் வளைகுடா நீரை எடுத்துச் சூடு, உப்பு, நுண்ணுயிர் எண்ணிக்கை எல்லாம் குறித்துவைப்பவர். அந்தக் கணக்கை வரைபடமாக்க ஸ்கீமில் ஒரு நிரல் எழுதி, பள்ளியின் பழைய கணினியிலும் தன் மடிக்கணினியிலும் ஓட்டினார். இரண்டிலும் வேறு வேறு வகை ஸ்கீம். பாயோங் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது என்று நன்றியோடு தொடங்கியிருந்தார்.

"மேம், நான் ஏதோ தப்பாத் தட்டிட்டேன்போல இருக்கு. பழசைப் பெருக்கச் சொன்னேன், பென் டிரைவ்ல இருந்த நாலு வருஷ அளவு மொத்தமும் போயிடுச்சு. உங்களுக்கு நேரம் இருந்தா, நான் எங்க தப்பு பண்ணேன்னு சொல்ல முடியுமா? மறுபடி அப்படிப் பண்ணாம இருக்கத்தான் கேக்கறேன்."

அவர் தன் வசதிக்காகப் பாயோங்கின் அடைவுக்குள்ளேயே பென் டிரைவுக்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்ததையும் எழுதியிருந்தார். லூடிக்கு முதல் வாசிப்பிலேயே விளங்கிவிட்டது. காப்பி ஆறிப்போகும் வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடிய புகார்களில் தேடி, தன் ஒற்றை வரியை எடுத்துப் படித்தாள்.

ரோடெல் செருப்பை மாட்டிக்கொண்டே விஷயத்தைக் கேட்டான். "அவரே தன் தப்புன்னு சொல்றாரு. நீ ஏன் வலியப் போய்த் தலையக் குடுக்கற?"

"அவரு தப்பு இல்லன்னு எனக்குத் தெரியுமே. தெரிஞ்சுக்கிட்டு, அடுத்த தடவ பாத்துத் தட்டுங்க சார்னு எப்படி எழுதறது?"

அவன் கத்திரிக்காயைப் பற்றிக் கேட்காமலே கிளம்பிப் போனான்.

அன்று லூடி விடுப்பு எடுத்தாள். வெளியிட்ட பதிப்பை அழிப்பதில்லை என்பது அவளே வைத்த விதி; யாருடைய நிரலாவது அதை நம்பி நிற்கும். அதனால் அந்தப் பதிப்பை நீக்காமல், இனி யாரும் நிறுவ முடியாதபடி குறியிட்டாள். ஓட்டையை அடைத்துப் புதுப் பதிப்பு விட்டாள். அடைக்கப் பிடித்தது ஒன்பது வரி. பிறகு அறிவிப்பு எழுத உட்கார்ந்தாள். முதலில் எழுதியதில் "அரிதான ஒரு சிக்கல் சரிசெய்யப்பட்டது" என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினாள். கிர்சி சொன்னதையும், தான் மூடியதையும், ஒருவர் நாலு வருட உழைப்பை இழந்ததையும் சேர்த்து, டியோஸ்கோரோவுக்கு மட்டும் நேரில் சொல்ல நினைத்து, மற்ற எல்லோருக்கும் அனுப்பினாள்.

டியோஸ்கோரோவிடம் தொலைபேசியில் இரண்டே விஷயம்தான் சொன்னாள்: பென் டிரைவைத் தொட வேண்டாம், சனிக்கிழமை நேரில் வருகிறேன்.

மூன்று மணிநேர வேன் பயணம். மடியில் பிஸ்கோச்சோ ரஸ்க் பெட்டி. ஐம்பத்துமூன்று வயது டியோஸ்கோரோ குட்டையான மனிதர். வெயிலில் கறுத்த கழுத்து, கசங்காத சட்டை. பள்ளி ஆய்வகத்து மேசையில் ஆவியில் வேகவைத்த சிப்பியும் காரமிட்ட வினிகரும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தனக்காக ஒருவர் இலோயிலோவிலிருந்து கிளம்பி வந்ததில் அவருக்கு ஒரே பெருமை. பக்கத்து அறை ஆசிரியர்களையெல்லாம் கூப்பிட்டு அறிமுகப்படுத்தினார். லூடிக்கு அது முள்மேல் நிற்பது போலிருந்தது. அவர்கள் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"சார், சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நீங்க எதையும் தப்பாத் தட்டல. பாயோங்தான் அழிச்சது. அக்டோபர்லயே ஒருத்தங்க இத எனக்கு எழுதிச் சொன்னாங்க. நான்தான் படிச்சிட்டு மூடிட்டேன்."

"மூடிட்டேன்னா?"

"இது பிழையே இல்லன்னு எழுதி மூடிட்டேன்."

அவர் கையிலிருந்த சிப்பியைத் தட்டில் வைத்தார். "அதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு மேம்?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"எனக்கு நாலு வருஷம் ஆச்சு."

அவர் சிப்பித் தட்டை மெல்ல மேசை ஓரத்துக்குத் தள்ளினார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் லூடிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மூணு வாரமா கம்ப்யூட்டரத் தொடவே இல்ல, உங்களுக்கு எழுதினதுகூட போன்லதான்," என்றார். "விரலுக்கு வயசாயிடுச்சு, இனி உனக்கு இது ஆகாதுன்னு நானே என்னத் திட்டிக்கிட்டிருந்தேன். என் பொண்டாட்டிகிட்டயும் அதத்தான் சொன்னேன்." தன் போனை எடுத்து நீட்டி, "அவகிட்ட இப்ப நீங்களே போன்ல சொல்லுங்க," என்றார்.

லூடி சொன்னாள். மறுமுனையில் அந்த அம்மாள் நன்றாகக் கேட்டுக்கொண்டு, சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்டார்.

அழிந்ததை மீட்கும் மென்பொருளை லூடி கையோடு கொண்டுவந்திருந்தாள். பாதிக்குக் கீழேதான் தேறியது. அதுவும் பெயரில்லாத கோப்புகளாக. மீதிக்கு ஆதாரம், படகில் வைத்துக் குறித்த ஏழு நோட்டுப் புத்தகங்கள். உப்பு ஏறி மொரமொரத்துக் கிடந்தன. ஒன்று புயலில் போய்விட்டது. ஆறைத்தான் அவர் மேசையில் அடுக்கினார்.

"உக்காருங்க. நான் படிக்கிறேன், நீங்க தட்டுங்க."

நாலு சனிக்கிழமை அப்படிப் போனது. அவர் படிக்க, அவள் தட்ட, ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் அவள் திருப்பிப் படிக்க, அவர் சரிபார்ப்பார். ஒருமுறை உப்பின் அளவு முப்பத்திரண்டு என்பதை மூன்று புள்ளி இரண்டு என்று தட்டிவிட்டாள்.

"அந்தத் தண்ணியில சிப்பி இல்ல மேம், தவளதான் வளரும்," என்றார். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அவள் சிரித்ததைத் தடுக்கவும் இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை மதியம் அவர் அவளை "இந்தாய், சோறு ஆறுது" என்று கூப்பிட்டார். பழகிப்போன பெண்களைத்தான் அந்தப் பக்கம் அப்படிக் கூப்பிடுவார்கள். லூடி தட்டிக்கொண்டிருந்த வரியை முடிக்காமலே எழுந்துபோனாள்.

தொலைந்த நோட்டுப் புத்தகத்தில் இருந்தவற்றில் ஏழு வாரம் மட்டும் மீட்ட கோப்புகளிலும் கிடைக்கவேயில்லை. முன்னும் பின்னும் உள்ள அளவுகளை வைத்து அதை உத்தேசமாக நிரப்பித் தருகிறேன் என்றாள் லூடி. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அளக்காததை அளந்ததாக எழுதுவதில்லை என்றார். அவருடைய வரைபடத்தில் அந்த ஏழு வாரம் இன்றும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

இதற்கிடையே அறிவிப்புக்குப் பதில்கள் வந்திருந்தன. சிலர் தைரியத்தைப் பாராட்டினார்கள். அது லூடிக்கு உவப்பாக இல்லை. சுமார் இருபது பேர் பாயோங்கை விட்டுப் போனார்கள். ஒரு பல்கலைக்கழகம் தன் ஆய்வகத்திலிருந்து அதை எடுத்துவிட்டது. கிர்சியின் கடிதம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. அக்டோபரில் தனக்குக் கோபம் வந்தது உண்மை என்றும், அந்தக் கோபத்திலேயே அழிக்கிற பகுதி முழுவதையும் படித்துப் பார்த்ததாகவும், இதே மாதிரி இன்னும் இரண்டு இடம் இருப்பதாகவும் எழுதியிருந்தாள். அனுப்பட்டுமா, இல்லை அதையும் மூடிவிடுவீர்களா என்று கேட்டிருந்தாள்.

லூடி இரண்டையும் வாங்கிச் சரிசெய்தாள். பிறகு கிர்சியிடம், இரண்டாவது சாவியை நீ வைத்துக்கொள்வாயா, நம் இரண்டு பேர் முத்திரையும் இல்லாமல் இனி எதுவும் வெளியே போகக்கூடாது என்று கேட்டாள். கிர்சி உடனே சம்மதிக்கவில்லை. புகாரை மூடுவதற்கும் இரண்டு பேர் வேண்டும், அப்படியானால் சரி என்றாள். பதினோரு வருடமாகத் தனியாகவே முடிவெடுத்துப் பழகியவளுக்கு அது எளிதாக இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள்.

கிர்சி மெதுவாகத்தான் வேலை செய்வாள். முன்பு ஒரே காலையில் முடிந்தது இப்போது பத்து நாள் இழுக்கிறது. லூடி ரோடெலிடம் புலம்புவாள். நீயாகக் கூட்டி வந்த ஆள்தானே என்பான் அவன்.

டியோஸ்கோரோ பாயோங்கை விடவில்லை. போன மாதம் தாமாகவே ஒரு புகார் எழுதினார். உதவிப் பக்கத்தில் ஒரு சொல்லில் எழுத்துப் பிழை. லூடி அன்றே திருத்தினாள். கிர்சி இன்னும் பார்க்காததால் அந்தப் புகார் திறந்தே கிடக்கிறது.