படிக்கு அடியில் வரைந்த பிரபு

பட்டறையில் அவளுக்கு வவ்வால் என்று பெயர். வைத்தவர் அவளுடைய அக்கா கணவர். பட்டறைக்கு முதலாளியும் அவர்தான். செத்துப் பல தலைமுறை ஆன பிரபுக்களையும் சீமாட்டிகளையும் எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்து விற்பது அங்கே தொழில். வாங்குகிறவர்கள் கூடத்தில் மாட்டிவிட்டு, "எங்க முன்னோர்" என்று விருந்தாளிகளிடம் அளப்பார்கள். வண்டி தள்ளிப் பிழைத்த சொந்தத் தாத்தாவைப் பரணில் ஏற்றிவிட்டு, எவனோ ஒருவனுக்குத் தங்கச் சட்டம் போடுவதில் சிலருக்கு அப்படியொரு நிம்மதி.

கட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிய பிறகு அவள் அக்கா வீட்டோடு வந்து சேர்ந்தாள். சும்மா சோறு போட மனசில்லாத அத்தான் அவள் கையில் ஒரு தூரிகையைக் கொடுத்தார். முதலில் சட்டைப் பொத்தான்கள். அப்புறம் பிரபுவின் நாய்க்குக் கழுத்துப்பட்டை. ஒருமுறை அத்தான் இடுப்புப் பிடித்துப் படுத்தபோது முகமும் அவளிடம் வந்தது. அப்போதுதான் அவளுடைய வழக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. மூலப்படத்தையும் வரைகிற சீலைத் துணியையும் தலைகீழாக மாட்டிக்கொண்டுதான் அவள் முகம் வரைவாள்.

"நேரா வெச்சா அது மூஞ்சியாயிடும்" என்று அக்காவிடம் விளக்கினாள். "மூஞ்சின்னு தெரிஞ்சுட்டா, கை தினம் பார்க்கிற மூஞ்சியைத்தான் போடும். கவுத்து வெச்சா வெறும் மேடு பள்ளம். பார்த்ததை அப்படியே போட்டுட்டுப் போயிடலாம்."

அடக்கமானவள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பிரபுக்கள் மேல் அவளுக்குக் காலணா மதிப்புக் கிடையாது. தன் கைமேல் மட்டும் மலையளவு மதிப்பு. "தலையில மாவைக் கொட்டிக்கிட்டு நிக்கிறான் பாரு, ரொட்டிக்கடையில திருடி மாட்டினவன் மாதிரி" என்று முணுமுணுத்தபடியே பொய்முடியின் சுருளைச் சுருட்டுவாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: ஜன்னலோர இடம். பட்டறையில் இருந்த ஒரே பெரிய ஜன்னல் தெருவைப் பார்த்தது. நேர் வெயில் விழாத, சீரான வெளிச்சம். அங்கே அத்தான் பனியனோடு வீற்றிருப்பார். சவரக் கண்ணாடியும் அவர் எதிரிலேயே தொங்கும். வவ்வாலின் இடமோ மாடிப்படிக்கு அடியில், ஒரு மஞ்சள் விளக்கின் கீழே. கண் வரவர மங்கிக்கொண்டிருந்தது. கண் போனால் தூரிகை போகும். அப்புறம் அக்கா வீட்டுப் பாத்திரங்கள்தான் கதி.

"அத்தான், வெளிச்சம் பத்தலை. கொஞ்சம் ஜன்னல்கிட்ட இடம் விடுங்களேன்."

"வவ்வாலுக்கு எதுக்கும்மா வெளிச்சம்? இருட்டுலதானே அதுக்கு நல்லாத் தெரியும்?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கழிப்பறைச் சாமான் கடைக்காரரின் மனைவி வந்தாள். ஊரில் பாதிப் பேர் உட்காருவது அவர்கள் கடைப் பீங்கானில்தான். அந்தப் பீங்கானில் கட்டிய புது மாளிகைக்கு ஒரு பரம்பரை தேவைப்பட்டது. பட்டறையில் இருந்த மூலப்படப் புத்தகத்தைப் புரட்டி, வாளும் நாயுமாக நின்ற ஒரு பிரபுமேல் விரலை வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரோட கொள்ளுத்தாத்தா மாதிரியே இருக்கார். 'மாதிரி'ங்கிறதை நான் வெளியில சொல்லப்போறதில்லை."

முகத்தை யார் வரைவது என்பதில் அத்தானுக்கும் கொழுந்தியாளுக்கும் முட்டிக்கொண்டது. அக்காதான் தீர்ப்புச் சொன்னாள். "ஆளுக்கு ஒண்ணு போடுங்க. உடுப்பும் நாயும் ரெண்டுக்கும் நான் போடறேன். அந்தம்மா எதை எடுக்கிறாங்களோ, அதைப் போட்டவங்களுக்கு ஜன்னல். இனிமே இந்தப் பேச்சு என் காதுல விழக்கூடாது."

வவ்வால் படிக்கு அடியில் கவிழ்த்து வைத்து வரைந்தாள். அத்தான், "நான் என்ன உத்தரத்துலயா தொங்கறேன்?" என்று நேராக வைத்து வரைந்தார்.

கடைக்காரர் மனைவி வந்து முதலில் வவ்வாலின் படத்தைப் பார்த்தாள். பிதுங்கிய கண், இல்லாத மோவாய், எல்லாம் மூலத்தில் உள்ளபடி.

"யாரிது, நோயாளியா?"

"இவர்தாம்மா நீங்க காட்டின பிரபு."

"புத்தகத்துல இவ்வளவு சீக்கு தெரியலையே" என்றவள் அடுத்த படத்துக்கு நகர்ந்தாள். முகம் மலர்ந்தது. "இதுல ஒரு குடும்பக் களை இருக்கு. எங்கேயோ பார்த்துப் பழகின மனுஷர் மாதிரி."

பார்த்துப் பழகிய மனுஷர் அவளுக்கு ஒரு முழம் தள்ளிச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். அதே புடைத்த மூக்கு, அதே இரட்டை மோவாய். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

படம் வண்டியேறியதும் வவ்வால் சொன்னாள்: "வாள் உங்களுக்கு நல்லாத்தான் பொருந்துது, அத்தான்."

"தோத்தவ பேச்சு அப்படித்தான் இருக்கும்" என்றார் அவர். மறுபடியும் ஜன்னலில் போய் அமர்ந்தார்.

மாளிகையில் புதுமனை விருந்து நடந்தது. விருந்து சாப்பிட்டவர்கள் அந்தத் தெரு வழியாகத்தான் போய் வருகிறவர்கள். முதலில் ஒருவர் ஜன்னலுக்கு எதிரே நின்று உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு குடும்பமே நின்றது. "கொள்ளுத்தாத்தா இங்க உட்கார்ந்து டீ குடிக்கிறாரு" என்று ஒரு குழந்தை கத்தியது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்குக் கும்பிடு போட்டார் என்றுகூடப் பேச்சு.

கடைக்காரர் மனைவி முக்காடிட்டு வந்தாள். "நீங்க இனிமே அந்த ஜன்னல்ல உட்காரக்கூடாது."

"படத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்களேன்."

"எப்படிங்க கொடுக்கிறது? ஊரெல்லாம் சொல்லியாச்சு. ஒண்ணு மீசை வையுங்க, இல்ல உள்ள போய் உட்காருங்க. இல்லேன்னா எங்க சொந்தத்துல ஒருத்தர் இங்க படம் வாங்க வரமாட்டாங்க."

அத்தான் மீசை வைத்துப் பார்த்தார். கொள்ளுத்தாத்தாவின் பேரன் என்று தெரு பேசியது. வேறு வழியில்லாமல் சவரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படிக்கு அடியில் போய் ஒடுங்கினார்.

வவ்வால் ஜன்னலில் முக்காலியைப் போட்டதும் முதல் காரியமாக, தள்ளுபடியான தன் பிரபுவை எடுத்து வெளிச்சத்தில் வைத்தாள். அந்தம்மாவின் கண்ணில்லாத ரசனையை இன்னொரு முறை திட்டத்தான். வெளிச்சத்தில் பார்த்தால், மஞ்சள் விளக்கில் ரோஜா நிறம் என்று நினைத்துப் பூசிய கன்னம் இரண்டும் பாசி பிடித்த பச்சை.

"வவ்வால், இங்க ஒரு மண்ணும் தெரியலையே" என்று படிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"பழகிடும் அத்தான்" என்றாள் அவள், யாரும் எழுந்து வருவதற்குள் பிரபுவின் கன்னத்தில் அவசரமாகச் சிவப்பை அப்பியபடி.