அம்மாவின் உமிழ்நீர்ச் சுரப்பிகள்

மாமாவின் செத்தவீட்டில் அம்மா குரலெடுத்து அழுதார், நெஞ்சில் அடித்துக்கொண்டார், கண்ணீர் மட்டும் வரவில்லை. பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து ஒப்பாரி வைக்கும்போது யாருடைய முகம் நனைந்திருக்கிறது, யாருடையது காய்ந்து கிடக்கிறது என்பது பக்கத்திலிருப்பவருக்குத் தெரியாமல் போகாது. அம்மாவின் பக்கத்தில் இருந்தவர் மாமி. இறந்தது அவருடைய கணவர், அம்மாவின் ஒரே தம்பி.

"கூடப்பிறந்தவர் கிடக்கிறார், ஒரு சொட்டுக் கண்ணீர் வருதோ பாருங்கோ. எல்லாம் நடிப்பு" என்று மாமி நாலுபேர் கேட்கச் சொன்னார். இடையிடையே எழுந்துபோய் அம்மா தண்ணீர் குடித்ததும் குற்றமாகிவிட்டது.

அதற்குப் பிறகு மாமி எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மாமாவின் ஆட்டைத் திவசம் நெருங்கியும் சொல்ல வரவில்லை. எங்களிடையே வீடு தேடி வந்து சொல்லாத காரியத்துக்கு யாரும் போவதில்லை. சொந்தத் தம்பியின் முதலாம் ஆண்டுத் திவசமானாலும் அதுதான் வழக்கம். வாசற் படலை திறக்கும் சத்தம் கேட்டால் அம்மா எட்டிப் பார்ப்பார்.

சுன்னாகம் சந்தைக்கு அனுப்ப எங்கள் முற்றத்தில் பெண்கள் கூடியிருந்து வெங்காயத் தாள் வெட்டுவார்கள். எல்லோருக்கும் கண் ஒழுகும். அம்மா மட்டும் சும்மா இருப்பார். "அக்காவுக்கு இரும்புக் கண்" என்று பகிடி பண்ணுவார்கள். புட்டைத் தண்ணீர் ஊற்றிக் குழைக்காமல் அவரால் விழுங்க முடியாது. கன்னங்கள் அடிக்கடி வீங்கும். கூகைக்கட்டு, அதுதான் பொன்னுக்குவீங்கி, என்று எதையாவது அரைத்துப் பூசுவோம். இவையெல்லாம் ஒரே வருத்தமாக, ஒரே நோயாக இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் டொக்டரிடம் போனால் கதைக்கும் வேலை என்னுடையது. கன்னம் மறுபடி வீங்கியபோது எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"வெங்காயத்துக்கும் கண்ணீர் வாறேல்லையோ?"

உடம்பு தன்னுடைய சுரப்பிகளையே அந்நியமென்று எண்ணித் தாக்கும் நோய் ஒன்று இருக்கிறது என்றார். சதை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும். ஆனால் சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. "ஸ்கானிலை பாப்பம். இப்ப வெளிநாட்டிலை அதை வைச்சும் ஓரளவு சொல்லுகினம்."

ஸ்கான் பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் இருந்தது. மின்சாரம் இல்லாத காலம். ஜெனரேற்றர் ஓடும் கொஞ்ச நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும். பெண் நோயாளியோடு ஒரு பெண் வரவேண்டும் என்றும் சொன்னார்கள். பட்டணத்தில் எங்களுக்கு இருந்த ஒரே சொந்தம் மாமி. போய்க் கேட்டேன்.

"நீ கேட்டபடியால் வாறன். கொம்மாவோடை கதைக்கச் சொல்லாதை" என்றார்.

அம்மாவைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு போனேன். வழிநெடுகப் போத்தலில் தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தார். கிளினிக்கில் மாமி காத்திருந்தார். கட்டிலில் படுத்ததும் அம்மா நெளிந்தார்.

"டொக்டர், கெதியாப் பாருங்கோ. அடக்கேலாமல் கிடக்கு."

"என்னத்தை அம்மா?"

பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாச்சியை ஸ்கானுக்கு முன் வயிறுமுட்டத் தண்ணீர் குடித்து அடக்கி வைத்திருக்கச் சொன்னார்களாம். ஸ்கான் என்றால் அப்படித்தான் என்று அம்மாவும் செய்திருக்கிறார்.

"நான் கழுத்தைத்தானே அம்மா பாக்கப்போறன். போட்டு வாங்கோ" என்றார் ஸ்கான் டொக்டர். மாமிதான் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவருடைய வாயோரத்தில் சிரிப்பு வந்து நின்றது.

அம்மாவின் காதுக்குக் கீழேயும் தாடைக்கு அடியிலும் பார்த்துவிட்டு, வித்தியாசம் தெரிய ஒரு சுகமான ஆளையும் பார்க்க வேண்டுமென்று டொக்டர் மாமியைப் படுக்கச் சொன்னார். மாமியின் சுரப்பி அரித்தெடுத்த மாவைப் போல ஒரே சீராகத் தெரிந்தது. பிறகு திரும்பவும் அம்மாவின் சுரப்பி.

மாமி திரைக்குக் கிட்டப் போனார். "இதென்ன, தோசையிலை கண் விழுந்த மாதிரி?"

"அந்தக் கறுப்பெல்லாம் பழுதான இடம். ரண்டு பக்கமும் அப்பிடித்தான். கட்டி ஒண்டும் தெரியேல்லை. அந்த வருத்தமாய்த்தான் இருக்கவேணும்."

"எவ்வளவு காலமாய்?"

"ஒரு நாளிலை வாற வருத்தமில்லை. கனவருசம் இருக்கும்."

"கண்ணையும் இப்பிடிச் செய்யுமோ டொக்டர்?"

"இதிலை நான் பாத்தது உமிழ்நீர்ச் சுரப்பி. ஆனால் இந்த வருத்தத்திலை அனேகமாய் ரண்டும் சேர்ந்துதான் வத்தும். அழுதாலும் கண்ணீர் வராது."

செத்தவீட்டுக் கதையை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஜெனரேற்றர் நின்றது. அம்மா கழுத்தில் பூசியிருந்த பசையைச் சேலைத் தலைப்பால் துடைக்கப் போனார். மாமி பஞ்சை எடுத்துத் தானே துடைத்துவிட்டார்.

"ஏன் மச்சாள் அண்டைக்கே சொல்லேல்லை?"

"எனக்கெங்கை தெரியும்? என்ரை நெஞ்சும் கல்லாப் போச்சுதாக்கும் எண்டுதான் நானும் நினைச்சனான்."

மாமி பஞ்சை வாளிக்குள் போட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினார். வெளியே வந்து நான் சைக்கிளை எடுக்கும்போது மாமி சொன்னார்.

"வெள்ளிக்கிழமை உங்கடை தம்பியின்ரை ஆட்டை. விடியவே வாங்கோ, கறிக்கு வெட்டவேணும்."

"உதென்ன மச்சாள், றோட்டிலை வைச்சுச் சொல்லுறீர்? வீட்டை வந்து சொல்லும்" என்றார் அம்மா.

அடுத்த நாள் பின்னேரம் மாமி மகனின் சைக்கிளில் வந்து இறங்கி, படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்து சொன்னார்.