கண்ணாடித் தோட்டம் பார்த்துவிட்டு வந்தவன்

வெளிநாடு போய்த் திரும்பியவனை எங்கள் மலையில் யாரும் தூங்கவிடுவதில்லை. வாழவந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே டீக்கடையில் ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏனுங்க, அங்க சோறு கெடைக்குதுங்களா?"

"ஏரோப்பிளேன்ல கக்கூசு போனா அது எங்கீங்க போய் விழுகும்?"

எல்லாருக்கும் பதில் சொன்னேன். பேச்சு எனக்குப் பிடித்த விஷயம்தான். மனிதர்கள் வாயிலிருந்து வருகிற வார்த்தையைக் கேட்டுக்கேட்டுத்தான் நான் படித்ததே. ஆனால் அன்றைக்கு நாக்கு மரத்துப் போயிருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. எதைப் பார்க்கப் போனேனோ அதைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்க ஒருவர் இருந்தார், மாரமங்கலத்தில், என் தங்கையின் கணவர். அவருக்கு என்ன சொல்வது என்கிற நினைப்புதான் பயணக் களைப்பைவிடப் பெரிதாக இருந்தது.

நவீன விவசாயம் பார்த்துவர விவசாயிகள் சிலரை நெதர்லாந்துக்கு அழைத்துப் போனார்கள். அதில் எப்படியோ என் பெயரும் வந்துவிட்டது. ஸ்டடி டூர் என்று அதற்குப் பெயர். "படிக்கறத பள்ளிக்கூடத்துலயே படிச்சிருந்தா இவ்வளவு தூரம் போக வேண்டாமில்ல" என்றாள் என் மனைவி, பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டே.

மாப்பிள்ளையின் வீட்டுக்கு மேலே ஒரு சமதளம் உண்டு. மலையில் அப்படி இடம் அமைவது அபூர்வம். அதில் சில்வர் ஓக் மரங்கள், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி, கீழே காப்பி. அத்தனையையும் எடுத்துவிட்டுப் பசுமைக்குடில் போட்டுக் குடைமிளகாய் வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வந்த ஆசை. நான் கிளம்புமுன் வந்து, "மச்சான், நீங்க நேர்ல பாத்துட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்பறந்தான் மரத்துல கை வைப்பேன்" என்றார். மிளகுக் கொடியை அறுத்தால் மறுபடி அந்த உயரத்துக்கு ஏற எத்தனை வருஷம் ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அங்கே தினமும் காலையில் பஸ்ஸில் ஏற்றுவார்கள். வெளியே சிணுங்கல் மழை. கண்ணாடியால் கூரையும் சுவரும் போட்ட ஒரு தோட்டம், இறங்கு, பார், ஏறு. அடுத்த கண்ணாடித் தோட்டம். எதை எந்த நாளில் பார்த்தோம் என்பது சீக்கிரமே குழம்பிப்போனது. புது ஷூ வேறு கடித்துக் குதிகால் புண்ணாகியிருந்தது.

ஒரு தக்காளித் தோட்டத்தின் வாசலில் தட்டையான தட்டில் மருந்துத் தண்ணீர் வைத்திருந்தார்கள். நோய் உள்ளே போகாமலிருக்க, ஷூவோடு அதை மிதித்துவிட்டுப் போக வேண்டும். யாரும் சொல்வதற்குள் நாங்கள் பாதிப்பேர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் தண்ணீரில் காலை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தோம். பயிருக்குள் செருப்போடு இறங்கிப் பழக்கமில்லை. தோட்டக்காரர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். எங்களோடு வந்த அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. என் புண்ணில் அந்த மருந்து பட்டு எரிந்த எரிச்சல் இருக்கிறதே, அதை விடுங்கள்.

உள்ளே அழகுதான். இல்லை என்று சொன்னால் வாய் அழுகிவிடும். தலைக்கு மேலே போகிற தக்காளிக் கொடி, கொத்துக்கொத்தாக ஒரே அளவில் காய். கீழே மண்ணே இல்லை. கல்லை உருக்கி நூலாக இழுத்த பஞ்சில் வேர் விட்டிருந்தது. மகரந்தச் சேர்க்கைக்கு அட்டைப் பெட்டியில் வண்டு வளர்க்கிறார்கள்.

எனக்குள் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரியிடம் கேட்டேன்: "சார், எங்க ஊர்ல மூடுபனி எறங்கினா நாள்கணக்கா வெயிலே இருக்காதுங்க. அப்ப என்ன பண்றதுன்னு கேளுங்க."

தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு பட்டனைக் காட்டினார். விளக்கு எரியுமாம். வெயில் இல்லாத நாள் முழுக்க எரியுமாம்.

"கரண்ட் போயிட்டா?"

இதை மொழிபெயர்க்க அதிகாரிக்குக் கூச்சம். "அதெல்லாம் இங்க போகாதுய்யா" என்றார். நான் விடவில்லை. கேட்டதும் தோட்டக்காரர் எங்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். லாரி அளவுக்கு ஒரு இன்ஜின் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய கரண்டை அவரே தயாரிக்கிறார். காற்று அதிகமானால் கூரையை மூடுவது, குளிரானால் சூடேற்றுவது எல்லாம் அதை நம்பித்தான்.

என்னோடு அறையில் தங்கியிருந்தவர் கிருஷ்ணகிரிப் பக்கம் ரோஜா போடுகிறவர். அவர் என் காதோரம் சொன்னார்: "இது தோட்டமில்லீங்க. மில்லு." திரும்பும்போது பஸ்ஸில் தன் கதையையும் சொன்னார். "எனக்கு நல்லாத்தான் வந்துச்சு, காத்து வர்ற வரைக்கும். ஒரே ராத்திரி. என் குடிலோட ஷீட்டு பக்கத்தூரு ஏரியில மெதக்குதுன்னு போன் பண்ணிச் சொன்னாங்க. விசேஷம் முடிஞ்சு பந்தலப் பிரிச்ச மாதிரி எலும்பு மட்டும் நிக்குது." அவர் இருப்பது சமவெளி. மாரமங்கலத்து மேட்டில் ஆடி மாதம் அடிக்கிற காற்றை நினைத்துப் பார்த்தேன்.

ஊர் வந்து ஒரு நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். பார்த்ததை எல்லாம் சொன்னேன். கொடியின் உயரம், வண்டுப் பெட்டி, இன்ஜின், ஏரியில் மிதந்த ஷீட்டு. அவர் நினைப்பு அந்தத் தக்காளிக் கொடியிலேயே நின்றுவிட்டது. கடைசியில் எழுந்திருக்கும்போது, "பாத்துச் செய்யுங்க மாப்ள" என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்துக்கு ஆசைப்பட்டு நிற்கிறவரிடம் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டோம். "பாத்துச் செய்யுங்க" என்றால் விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். பெண் கேட்டு வந்தவரிடமும் அதைத்தான் சொல்வோம். அவரும் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். நானும் சொல்லவேண்டியதைச் சொன்ன நிம்மதியில் வீட்டுக்கு வந்து படுத்தேன்.

மறுநாள் தங்கை போன் செய்தாள். "அண்ணா, நாளைக்கு மரம் அறுக்கற மெஷின்காரரு வர்றாருங்க. நீங்க அங்க பாத்த மாதிரியே செய்யச் சொல்லிட்டீங்களாமா. இவருக்குக் கால் தரையில நிக்கல."

எழுந்து உட்கார்ந்தேன். உடம்பு முழுக்க ஈயத்தை ஊற்றியதுபோல இருந்தது. வாழ்நாள் பூராவும் பேசிய பேச்சு, வெளிநாட்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்னதால் வேறு அர்த்தமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடியும் பஸ் பிடித்தேன்.

மாப்பிள்ளை சமதளத்தில் காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்று கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

"வேண்டாம் மாப்ள" என்றேன்.

"என்னதுங்க?"

"குடிலு. இந்த மேட்டுல வேண்டாம். காத்துக்கு நிக்காது. பனிக்கு வெளக்குப் போடோணும், நம்ம ஊட்ல மிக்சி ஓட்டவே கரண்ட் பத்தறதில்ல."

அவர் கயிற்றைக் கீழே போட்டார். "நேத்து இத ஏன் சொல்லலீங்க?"

"சொன்னேன். உங்களுக்குக் கேக்கல."

"நீங்க மட்டும் ஏரோப்பிளேன்ல போய் எல்லாம் பாத்துட்டு வருவீங்க. நாங்க இங்கயே காப்பி பொறுக்கிட்டுக் கெடக்கோணும். அதானுங்களே?"

 அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மலையில் வேறு யாராவது குடில் போட்டு நன்றாக வந்தால் நாளைக்கு என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தோன்றியது. ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவில்லை. தங்கை கீழே வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை கயிற்றை எடுத்துச் சுருட்டினார். பிறகு போனை எடுத்து மெஷின்காரரிடம், "நாளைக்கு வர வேண்டாமுங்க. இல்லீங்க, மறுநாளும் வேண்டாம். மரத்த எடுக்கல" என்றார். பேசிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி ஒரு பாறைமேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். சமாதானமாக ஏதாவது பேச வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எப்போது கண் அசந்ததோ தெரியாது. யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

"எந்திரிங்க மச்சான். பஸ்ஸு போயிரும்" என்றார். குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது.