ஒற்றை ஆள் லாவணி

சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறந்தபோது மன்மதன் எரிந்துபோனானா, இல்லையா? இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மாசி மாதக் காமன் கூத்தன்று இதை இரண்டு பேர் பாட்டாலேயே சண்டை போட்டுத் தீர்க்கப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் லாவணி. வருஷா வருஷம் நடக்கும், தீர்ந்தபாடில்லை. காணி வழக்கே தேவலாம்.

எரிந்த கட்சி அழகர். எரியாத கட்சி கணபதி. இருவரும் டேப்பு என்கிற தோல் பறையைக் கையால் தட்டிக்கொண்டே பாடுவார்கள். பதினோரு வருஷம் ஒருவரையொருவர் பரம்பரையோடு ஏசினார்கள். ஏசி முடித்ததும் தொழிலாளர் லயத்தில் அழகரின் ஒற்றை அறைக் காம்பிராவில் ஒரே சட்டியில் கஞ்சி குடிப்பார்கள். அழகருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அவரோடு உட்கார்ந்து பேசிய ஒரே மனிதர் அந்த எதிரிதான். 1927இல் எதிரியும் மொனராகலை ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

"எதிர்க்கட்சி இல்லாம என்னடா லாவணி? இந்த வருஷம் கெடையாது" என்றார் கூலியாட்களை மேய்க்கும் பெரிய கங்காணி.

வருஷத்தில் ஒருநாள்தான் ஊர் அழகரைத் திரும்பிப் பார்க்கும். அதுவும் போயிற்று.

வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ரோஜாச் செடி வெட்டுவது அவர் வேலை. ஒருநாள் ஜன்னலுக்குள் கிராமபோன் பாடிற்று. சரளைக்கல்லில் மாட்டு வண்டி போவதுபோல ஒரு குரல். அது நின்றதும் ஓர் ஊதுகுழல் துள்ளி வந்தது. சமையல்காரர் மொஹிதீன் வாசலில் நின்றார்.

"நல்ல எதிர்ப்பாட்டு நானா! ஒருத்தன் பாடுறான், இன்னொருத்தன் ஊதியே மறுக்குறான்" என்றார் அழகர்.

"இன்னொருத்தனா? பாடுறதும் அவன்தான், ஊதுறதும் அவன்தான். தொரை விருந்தாளிக்கிட்ட சொன்னாரு. ஜாஸாம்."

"ரெண்டும் ஒரே ஆளா?"

"இருக்கிறது ஒரு வாய்தானே. பாடி நிப்பாட்டிட்டு ஊதுறான்."

அழகர் செடியைப் பார்க்காமலே வெட்டினார். "அப்ப அவனுக்கும் எதிர்க்கட்சி ஓடிப்போச்சா நானா?"

"அதத் தொரைகிட்டப் போயி நான் கேக்கவா? செடியப் பாருய்யா, மொட்டையடிச்சிட்டே!"

அன்று சாயங்காலமே அழகர் கங்காணி முன் நின்றார். "ரெண்டு கட்சியும் நானே பாடுறேங்க."

"ரெண்டு கட்சி வேட்டியும் நீயே கட்டுவியா?" என்று சிரித்தாலும், கங்காணி சம்மதித்தார்.

கூத்தன்று பொழுது சாயும் நேரம். அழகர் ஒரு கேள்வியைப் பாடி வாயை மூடினார். டேப்பு பதில் சொன்னது. அதே இழுப்பு, அதே குத்தல்.

"அடியாத்தி, கணபதி ஏசுறது அப்படியே கேக்குதே!" என்று கத்தினாள் கொழுந்தெடுக்கும் இராக்கம்மா. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் டேப்பு கொடுத்த ஓர் அடிக்கு அழகரிடம் மறுபாட்டு இல்லை. டேப்பைக் கீழே வைத்துவிட்டார். அதுவும் வித்தை என்று நினைத்து ஊரே கைதட்டியது.

கங்காணிக்குத் தலைகால் புரியவில்லை. "சபாஷ்டா! ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல ஒரு எரியாத கட்சிக்காரன் இருக்கான். நம்ம தோட்டத்துல பேர் பதிஞ்சு, ஒங் காம்பிராவுலயே இருக்க வச்சிரலாம்னு தொரைகிட்டக்கூடக் கேட்டுட்டேன். ஒனக்கு எதுக்குடா இனிமே ஆளு? காலையில போயி வேணாம்னு சொல்லிர்றேன். என்ன?"

அழகர் வாயைத் திறந்தார். கங்காணியை மறுத்துப் பாடச் சொல்லியிருந்தால் பாடியிருப்பார். மறுத்துப் பேசிப் பழக்கமில்லை.

"ஆமாங்க" என்றார்.