கடிதம் படிக்கும் கடிகாரக்காரர்

உறையின் ஓரத்தைக் கடிகாரத் திருப்புளியால் கீறித் திறப்பார். கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்ற மாட்டார். "பேசாம நில்லுங்க. ஒரு சொல்லு சிந்தக் கூடாது" என்பார். பொம்மிடி ரயிலடிக்கு எதிரே கடிகாரம் பழுது பார்க்கிற ஹயாத் பாஷாவிடம்தான் அந்த வட்டாரத்து இங்கிலீஷ் கடிதங்கள் எல்லாம் வந்து சேரும். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். அகராதியில் பாதி மனப்பாடம்.

சொல்லுக்குச் சொல் தமிழில் சொல்வதில் அவருக்குப் பெருமை. வம்பும் அதில்தான். சென்னையில் படிக்கும் பையன் ஒருவன், கல்யாணம் என்றால் உதறலாக இருக்கிறது என்பதை ஸ்டைலாக இங்கிலீஷில் 'கோல்டு ஃபீட்' என்று எழுதிவிட்டான். "காலு ஜில்லிட்டுப் போச்சாம்" என்று பாஷா படித்தார். வீட்டார் கம்பளிக் காலுறை வாங்கி அனுப்பினார்கள். ஊரே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார்.

1967 ஐப்பசியில் காசியம்மாள் கொண்டுவந்த கடிதத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. அவள் கணவர் பெரியண்ணன் வயிற்றில் ஆபரேஷன் ஆகி வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். துணைக்கு அவர் தம்பி இருந்தான். எழுதியது வெள்ளைக்கார டாக்டரம்மா.

"இன்னும் காட்ட விட்டு வெளிய வரலையாம்" என்று படித்தார் பாஷா.

அந்தப் பக்கத்தில் மானாவாரி நிலத்துக்குக் காடு என்றுதான் பெயர். காசியம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "எந்திரிச்சு ஆஸ்பத்திரிக் காட்டு வேலைக்கே போயிட்டாருங்களா! வூட்லயும் சும்மா குந்தாத மனுசன். அப்ப நான் கடலக்கா புடுங்கி முடிச்சுட்டு அடுத்த வாரமாப் போயிக்கிறனுங்க, பாயி." சந்தோஷத்தில் கடிதத்தைக்கூட விட்டுவிட்டுப் போனாள்.

பாஷாவுக்கு வேலை ஓடவில்லை. வயிற்றைக் கிழித்துப் பத்து நாள் ஆகாத ஆள் காட்டில் என்ன செய்வார்? கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, இங்கிலீஷ் பாடம் நடத்தும் தெரசா டீச்சரிடம் ஓடினார்.

டீச்சர் ஒரு தடவைதான் பார்த்தார். "'நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ்'னா ஆபத்து இன்னும் தாண்டலைன்னு அர்த்தம், பாய். அந்தம்மாவ உடனே அனுப்புங்க."

சைக்கிளை மிதித்துக் கடலைக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. "நான் படிச்சது தப்புங்கம்மா. அவுருக்கு இன்னும் கண்டம் தாண்டலையாம். இப்பவே கெளம்புங்க, மத்தியான வண்டியப் புடிச்சிரலாம்."

காசியம்மாள் மண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவரைத் திட்டவில்லை. "அங்க டாக்டரம்மா இங்கிலீசுதான பேசும்? எனக்கு ஒண்ணும் வெளங்காதுங்களே. நீங்களும் வந்துருங்க, பாயி" என்றாள்.

பாஷா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளோடு ரயிலடிக்கு நடந்தார். வண்டி வந்ததும் அவளை ஏற்றிவிட்டு, தானும் ஏறி அவளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.