ராணுவத்தோடு கயிறு இழுத்தோம்

மகளின் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண்களைச் சென்னையில் இருக்கும் ஒரு ராணுவப் பயிற்சிக் கல்லூரிக்கு அழைத்துப்போனார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்கள் உள்ள பழைய இடம். துணைக்கு இரண்டு அம்மாக்கள் வேண்டும் என்று டீச்சர் கேட்டதும் நான் கை தூக்கிவிட்டேன். மகள் முகம் சுருங்கியது.

"வாம்மா, ஆனா அங்க வந்து கத்தாத. நீ மெதுவா பேசினாலே ஊருக்கே கேக்குது."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கூப்பிடுவது என் வேலை. காது மந்தமான பெரியவர்களுக்கும், எதிர்க்கடையில் டீ குடிக்கப் போனவர்களுக்கும் எட்டும்படி கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது.

ஸ்ரீரங்கத்தில் ரயில் ஏறியதிலிருந்து வாயைத் திறக்காமல் வந்தேன். பிள்ளைகளைத் தலை எண்ணினேன், வாந்தி மாத்திரை கொடுத்தேன், அறுந்த பைக்கு ஊக்கு குத்தினேன். கூட வந்த இன்னொரு அம்மா மண்ணச்சநல்லூரில் அரிசி மில் நடத்தும் குடும்பத்து மருமகள். விழுப்புரம் வருவதற்குள் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "உங்களுக்கு உடம்பு எதுவும் சரியில்லையாங்க?" என்றார். சிரித்து மழுப்பினேன்.

மறுநாள் காலை எங்களுக்குச் சுற்றிக் காட்ட ஒரு பெண் கேப்டன் வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். நீண்ட வராந்தா, பீரங்கி, வரிசையாகப் பழைய போட்டோக்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பயிற்சி மைதானத்துக்குப் போன பிறகுதான் எல்லோருக்கும் தூக்கம் கலைந்தது. அங்கே பெண்கள், எங்கள் மகள்களைவிடப் பத்து வயதுகூட மூத்திருக்க மாட்டார்கள், எங்கள் வீட்டு மதிலைப் போல இரண்டு மடங்கு உயரச் சுவரில் ஓடி ஏறி அந்தப் பக்கம் குதித்தார்கள். முழங்கை வரை சேறு.

எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மேடம், நாங்களும் ஏதாவது செய்யலாமா?"

"சுவர் வேண்டாம். கயிறு இழுக்கிறீங்களா?" என்றார் கேப்டன்.

சுவர் ஏறிய பெண்கள் பக்கம் ஆறு பேர், எங்கள் பக்கம் பன்னிரண்டு பிள்ளைகள். மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். விசில் ஊதிய வேகத்திலேயே எங்கள் பிள்ளைகள் குப்புற விழுந்து மண்ணில் இழுபட்டார்கள். கேப்டனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வெயிட் பத்தலை. அம்மாங்களும் வரட்டும்."

மில்லுக்கார அம்மா மறுபேச்சில்லாமல் முந்தானையை இழுத்துச் செருகினார். நான் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு கடைசி ஆளாக நின்றேன். எனக்கு முன்னால் என் மகள்.

விசில். கயிறு மறுபடியும் எங்கள் கையைவிட்டு நழுவ ஆரம்பித்தது. ஒருத்தி இழுக்கும்போது இன்னொருத்தி மூச்சு வாங்கினாள். எதிரே அவர்கள் ஒரே மூச்சாக இழுத்தார்கள். நான் யோசிக்கவெல்லாம் இல்லை. தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"ரங்கா!"

எங்கள் ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரில் ஒரு தடவையாவது வடம் பிடித்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் உடம்பு பின்னால் சாயும். மகள் சடாரென்று திரும்பிப் பார்த்தாள். முறைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் முன்பக்கம் திரும்பி, என்னைவிடப் பெரிதாகக் கத்தினாள்: "ரங்கா!"

பிறகு எல்லோரும் கத்தினார்கள். கயிறு நின்றது. அடுத்த சத்தத்துக்கு ஒரு சாண் வந்தது, அதற்கடுத்ததற்கு இன்னொரு சாண். எதிரே இருந்தவர்களின் பூட்ஸ் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்தது. விசில்!

மூன்றாவது தடவை அவர்கள் சிரிக்கவில்லை. குனிந்து, குதிகாலை ஊன்றி, பாறை மாதிரி நின்றார்கள். எவ்வளவு கத்தியும் கயிறு அசையவில்லை. "விடாதீங்கடி!" என்று மில்லுக்கார அம்மா அலறினார். யாரும் விடவில்லை. எதிரணியில் முதல் பெண்ணின் கால் லேசாக வழுக்கியது. அது போதுமானதாக இருந்தது. ஒரே இழுப்பில் மொத்தப் பேரும் எங்கள் பக்கம் வந்து விழுந்தார்கள், நாங்களும் மல்லாந்து விழுந்தோம்.

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்த அந்தப் பெண் வடநாட்டுக்காரி. கைகொடுத்துவிட்டு, ரங்கா என்றால் என்ன என்று இங்கிலீஷில் கேட்டாள். என் மகள்தான் பதில் சொன்னாள். அது எங்கள் ஊர்ச் சாமி பேர், கயிறு இழுக்கும்போது எங்களுக்கு ஒன், டூ, த்ரீயும் அதுதான் என்று.

வெளியே வந்ததும் என் போனைப் பிடுங்கி அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, நாங்க ராணுவத்தை ஜெயிச்சுட்டோம்!"

அவர் ஏதோ கேட்டார்.

"நிஜமாத்தான்ப்பா. ராணுவத்தையேதான்!"

அவர்கள் ஆறு பேர், நாங்கள் பதினான்கு பேர். அதை நான் குறுக்கே புகுந்து சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.